பத்து ரோஜாக்கள்

வோலக்தா ரயில் நிலையத்தில் விடியற்காலையில் இறங்கியவளின் கையில் பத்து ரோஜாக்கள் இருந்தன. முந்தைய மாலை பீட்டர்ஸ்பர்க்கில் வண்டியேறும் அவசரத்தில் வாங்கியவை. அழைத்துப்போக வந்திருந்த மணப்பெண் தோழியைத் தழுவிக்கொண்டாள், பிறகு மலர்களை எண்ணினாள், சிரித்தாள். ருஷ்யாவில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக்கள் தர வேண்டும். இரட்டைப்படை இறந்தவர்களுக்குரியது. இரண்டாண்டுகள் அவளுடன் ஒரே விடுதியறையில் வாழ்ந்து, ருஷ்ய மொழியின் ஆறு வேற்றுமைகளையும் பிழையறக் கற்றிருந்த தில்லி மாணவிக்கு இந்த ஓர் இலக்கணம் மட்டும் எப்படியோ தப்பிப்போயிருந்தது. ஒன்றை எடுத்துவிடலாமே என்று குழறினாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும், அப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் மணப்பெண்.

தந்தை இறந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

ருஷ்யத் திருமணம் என்றதும் வோத்காவும் அக்கார்டியனும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அதன் பழைய வடிவத்தில், குறிப்பாக வடபகுதிகளில், மணத்தின் முற்பாதி அழுகையால் ஆனது. பெற்றோர் வீட்டையும் கன்னிப் பருவத்தையும் பிரிவதை மணப்பெண் ஒப்பாரியாகப் பாட வேண்டும். சாவு வீட்டில் பாடுவதற்கும் மணவீட்டில் பாடுவதற்கும் பெயர் ஒன்றுதான். எல்பிதிஃபோர் பார்சோவ் 1872 முதல் வெளியிட்ட வடபுல ஒப்பாரித் தொகுதிகளில் பெரும்பகுதி இரீனா ஃபெதோசோவா என்ற எழுத்தறியாத உழவர் குலப் பெண் பாடியவை. 1896-இல் நீஷ்னி நோவ்கரத் கண்காட்சியில் அவர் பாடியதைக் கேட்டு மாக்சிம் கார்க்கி எழுதியிருக்கிறார். தந்தையில்லாத மணப்பெண்ணுக்கென்று தனி ஒப்பாரியே உண்டு: கல்லறைக்குச் சென்று, மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்துவந்து தன்னை வாழ்த்துமாறு தந்தையை அவள் அழைப்பாள்.

மணப்பெண்ணின் பாட்டி விரும்பியது இதைத்தான். பேத்தி மறுத்திருந்தாள். மணமகன் மாடிப்படிகளில் தோழியரின் புதிர்களுக்கு விடை சொல்லி, பணமும் மிட்டாயும் கொடுத்துப் பெண்ணை ‘மீட்கும்’ சடங்கை அவள் ஏற்றுக்கொண்டாள். மாமியார் நீட்டும் உப்பு வைத்த ரொட்டியில் பெரிய துண்டைக் கடிப்பவர் கையில்தான் குடும்பம் என்ற வேடிக்கையையும் ஏற்றுக்கொண்டாள். விளையாட்டாக்கிவிட முடிந்த அனைத்துக்கும் அவளிடம் இசைவு இருந்தது. இது அப்படிப்பட்டதல்ல.

பிர்ச் மரங்களுக்கிடையே நீல வண்ணமடித்த சிறு இரும்பு வேலி. உள்ளே கல்லறை, பக்கத்தில் ஒரு பலகை. பத்து ரோஜாக்களும் கல்லின்மேல் வைக்கப்பட்டன. யாரும் எதிர்பாராத நேரத்தில் பாட்டி தாழ்ந்த குரலில் தொடங்கினார். இரண்டு, மூன்று அடிகள். பிறகு சொற்கள் வரவில்லை. அவருடைய தாய்க்கு முழுவதும் தெரியுமாம். கூட்டுப் பண்ணையில் பால் கறந்து வளர்ந்த மகளோ, இவையெல்லாம் பிற்போக்கு என்று சொல்லப்பட்ட காலத்துப் பிள்ளை. சிறிது நேரம் உதடுகள் மட்டும் அசைந்தன. கைக்குட்டையை அவிழ்த்து நான்கு மிட்டாய்களைக் கல்லின்மேல் வைத்தார். அப்போது மணப்பெண் மிகச் சாதாரணமான பேச்சுமொழியில், அப்பா, இன்று மூன்று மணிக்கு, வந்துவிடுங்கள் என்றாள்.

ஒப்பாரியின் முழுப் பொருளும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது என்பது தோழிக்கு வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது.

மூன்று மணிப் பதிவு இருபது நிமிடங்களில் முடிந்தது. 1917 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பின் சட்டத்தின் கண்ணில் இதுவே திருமணம். சனிக்கிழமைகளில் தேவாலயம் மணம் செய்விப்பதில்லை. எனவே முடிசூட்டு மறுநாள் ஞாயிறன்று. மணமக்களின் தலைக்குமேல் கனத்த முடிகளைத் தோழர்கள் ஏந்திக்கொண்டே நிற்க வேண்டும். கை மாற்றி மாற்றி அவர்கள் படும் பாடு தனிக் கதை. கிளம்புமுன் வீட்டில் திருவுருவப் படத்தை ஏந்தி ஆசி வழங்கியவர் தாய்மாமன். இறந்த தந்தையின் இடத்தில் நிற்பவருக்கு ருஷ்யத்தில் ஒரு பெயரே இருக்கிறது: ‘அமர்த்தப்பட்ட தந்தை’. உறவுச் சொற்களில் அம்மொழி அத்தனை நுட்பமானது. மனைவியின் தாய்க்கு ஒரு சொல், கணவனின் தாய்க்கு வேறு சொல். இருவரையும் மாமியார் என்றழைக்கும் தமிழைவிட இங்கே அது ஒருபடி கூடுதல். இளைய தலைமுறை இச்சொற்களில் பாதியை அகராதியில் தேடுகிறது என்பதும் உண்மை.

பந்தியில் முதல் கோப்பை உயர்ந்ததும் யாரோ ‘கோர்க்கோ!’ என்று கூவினர். ‘கசக்கிறது’ என்று பொருள். கார்க்கி என்ற புனைபெயருக்கும் இதே வேர்தான். எழுவாய் இல்லாத வாக்கியம் அது: எது கசக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மது என்பர் சிலர். மணமக்கள் முத்தமிட்டுக் கசப்பைப் போக்க வேண்டும். அதுவரை கூச்சல் ஓயாது.

மூன்றாம் முறை கூவியபோது தன் பக்கத்தில் இருந்தவள் வாய் திறக்காததைப் பாட்டி கவனித்துவிட்டார். நீ ஏன் சும்மா இருக்கிறாய் என்று முழங்கையால் இடித்தார். அவள் எழுந்து நின்று கூவினாள். அச்சொல்லின் ரகரம் நா மேலண்ணத்தை நோக்கி எழ, மெலிந்து ஒலிக்க வேண்டும். இவள் வாயில் அது கல்லாய் உருண்டது. பந்தி முழுவதும் சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை. தன் வாயைக் காட்டி மெல்ல ஒருமுறை சொன்னார், அவளைச் சொல்லவைத்தார், போதவில்லையென்று மறுபடியும் சொல்லவைத்தார். ஒவ்வொரு முறையும் மணமக்கள் எழுந்து முத்தமிட வேண்டியதாயிற்று.