'இது டி.வி-யில வந்த நாய்தானே?' - மேடவாக்கம் டு மரக்காணம்... வீடு தேடிப் போன 'மிளகு'!

சென்னையிலிருந்து மரக்காணத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என வழியெங்கும் இறங்கிப் பார்க்க இடங்கள் உண்டு. வார இறுதியில் இந்தச் சாலையில் போகிறவர்கள் கடல் பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் புதுச்சேரிக்குப் போவார்கள். கடந்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனது, ஒரு நாயை அதன் புது வீட்டில் விட்டு வருவதற்காக.

பெயர் மிளகு. பெண் நாய். வயது மூன்று இருக்கலாம் என்கிறார் கால்நடை மருத்துவர். எடை 38 கிலோ. இனம், ராட்வைலர்.

இந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும் உங்களில் பலருக்கு ஒரு சின்னத் திடுக்கிடல் வந்திருக்கும். மிளகுக்கு வீடு கிடைக்க மூன்று மாதம் ஆனதற்கு அந்தத் திடுக்கிடல்தான் காரணம். அதில் நியாயமும் இருக்கிறது.

கம்பத்தில் கட்டப்பட்ட நாய்

நவம்பர் மழையில், பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு காலிமனை ஓரத்து மின்கம்பத்தில் நைலான் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது மிளகு. பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், பாதி காலியான நாய் உணவு பாக்கெட்.

"அந்த பாக்கெட்டைப் பாத்துதான் எனக்கு அழுகை வந்துச்சு. விட்டுட்டுப் போனவங்களுக்கு அது மேல பாசம் இல்லாம இல்ல. வேற வழி தெரியல, விட்டுட்டாங்க" என்கிறார் மிளகை மீட்ட அக்கா. வங்கியில் வேலை பார்க்கிறார். மேடவாக்கத்தில் வீடு. கைவிடப்பட்ட நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரித்து, நல்ல இடம் பார்த்துத் தத்துக் கொடுப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார். தன் பெயர் வேண்டாம் என்றார். "பேர் போட்டீங்கன்னா காலைல கேட்டுல நாலு நாய் கட்டியிருக்கும்பா."

மீட்டபோது மிளகின் எடை 26 கிலோதான். உண்ணிக் காய்ச்சல் வேறு. ரத்தப் பரிசோதனை, மருந்து, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் முடித்து உடம்பு தேறுவதற்குள் பொங்கல் வந்துவிட்டது.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960-ன்படி, பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். ஆனால், முதல்முறை தவறுக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். நைலான் கயிற்றின் விலைகூட அதைவிட அதிகமாக இருக்கும்.

பயத்துக்குக் காரணம் உண்டு

2024 மே 5-ம் தேதி, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. தமிழ்நாடே பதறியது. 2025 ஆகஸ்ட்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார்.

இதற்கிடையே அரசு உத்தரவுகளும் மாறி மாறி வந்தன. 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் தமிழ்நாட்டில் வெளியான தடை உத்தரவு, வந்த வேகத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 டிசம்பரில், பிட்புல், ராட்வைலர் இனங்களுக்கு இனி புதிய உரிமம் கிடையாது எனச் சென்னை மாநகராட்சி முடிவெடுத்தது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் வெளியே அழைத்துவரும்போது கயிறும், வாய்க்கு மாட்டும் மசிலும் கட்டாயம்.

"இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் என் போனுக்கு ஓய்வே இருக்காது. 'அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, யாராவது எடுத்துப்பாங்களா'ன்னு கேப்பாங்க. சட்டம் போட்டதைத் தப்புன்னு சொல்லல. அந்தக் குழந்தையை நெனச்சா எனக்கும் தூக்கம் வராது. ஆனா, ஏற்கெனவே பொறந்துட்ட நாய் எங்க போகும்?" என்கிறார் அக்கா.

அவர் வீடு மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருப்பதால் மிளகை வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால், சென்னைக்குள் இனி அதற்கு வீடு தேட முடியாது.

'வேண்டாம்' என்று சொன்ன மூன்று வீடுகள்

வேண்டும் என்று கேட்டு யாருமே வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வந்தார்கள்.

முதலில் வந்தவர், கட்டுமானப் பொருள் குடோன் வைத்திருப்பவர். பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, ராத்திரி அவிழ்த்துவிடுவாராம். இரண்டாவதாகக் கூப்பிட்டவர், "கருத்தடை பண்ணிட்டீங்களா? அப்ப வேணாம்" என்று போனை வைத்துவிட்டார். அவருக்குத் தேவை குட்டிகள். மூன்றாவது ஒரு கல்லூரி மாணவர். நல்ல பையன்தான். ஆனால், ரீல்ஸில் பார்த்த ஆசை. வீட்டில் அம்மாவுக்கே விஷயம் தெரியாது.

"குடோன்ல நாள் முழுக்கக் கட்டிப்போட்டா ஒரு வருஷத்துல இவளே நியூஸ்ல வருவா. அப்புறம் 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு ஊர் பேசும்" என்கிறார் அக்கா. வீடு தேடும் வேலையில் பாதி, தவறான வீட்டுக்கு மறுப்புச் சொல்வதுதான்.

நான்காவதாக வந்ததுதான் மரக்காணம் அழைப்பு. அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நிலம். 11 ஆண்டுகள் அவருடன் இருந்த நாய் போன ஆடியில் இறந்திருக்கிறது. அக்கா அவரிடம் போட்ட நிபந்தனை இது: நாயைப் பார்க்க வந்த அன்றே தர மாட்டேன், மூன்று முறை வரவேண்டும்.

மூன்று ஞாயிறு, மரக்காணத்திலிருந்து பஸ் பிடித்து மேடவாக்கம் வந்தார் அந்த அண்ணன். முதல் நாள் மிளகு அவரிடம் போகவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, தரையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போனார். இரண்டாவது ஞாயிறு கையை முகர்ந்தது. மூன்றாவது ஞாயிறு இருவரும் ஏரிக்கரை வரை நடந்தார்கள்.

ஓம்னியில் ஒரு பயணம்

இரண்டு கால் டாக்ஸி டிரைவர்கள் மிளகைப் பார்த்ததும் கிளம்பிவிட்டார்கள். கடைசியில் அக்காவின் தம்பி தன் ஓம்னியை எடுத்துவந்தார். காலை 5:30 மணி. கறுப்பு ரோமத்துக்கு வெயில் ஆகாது என்பதால் அந்த நேரம்.

சோழிங்கநல்லூர், அக்கரை வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். முட்டுக்காடு பாலத்தில் உப்புக்காற்று வந்ததும் மிளகு எழுந்து ஜன்னல் பக்கம் மூக்கை வைத்தது. அதுவரை அதன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பெரிய நாய் பயப்படும் என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

ஜெர்மனியின் தென்மேற்கில் ராட்வைல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் இறைச்சிக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் வளர்த்த நாய் என்பதால்தான் இதற்கு ராட்வைலர் என்று பெயர். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போவது, சிறு வண்டி இழுப்பது, முதலாளிக்குக் காவல் இருப்பது இதன் வேலைகள். ரயில் வந்து, மாடுகளை நடத்திக் கூட்டிப் போகும் வழக்கம் நின்றதும் இனமே அருகிப்போனது. 1910-ல் ஜெர்மனியில் போலீஸ் நாயாக அங்கீகாரம் கிடைத்த பிறகு மறுபடி பரவியது. நாளெல்லாம் நடக்கவும் வேலை செய்யவும் உருவான நாயை, குட்டியாக இருக்கும்போது அழகு என்று வாங்கி, வளர்ந்ததும் பால்கனியில் பூட்டிவைத்தால் என்னவாகும்? அதன் பலம் மட்டும் அப்படியே இருக்கும், பழக்கம் இருக்காது.

கல்பாக்கம் தாண்டி, வயலூரில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மசில் மாட்டி, கயிற்றை இரட்டையாகப் பிடித்து மிளகை இறக்கினார் அக்கா. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"இது டி.வி-யில வந்த நாய்தானே?" என்றார் டீ மாஸ்டர்.

"அந்த ஜாதிதாண்ணே. அது வேற, இது வேற" என்ற அக்கா, சாலையின் எதிர்ப்பக்கம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். 'ஒண்ணும் பண்ணாது, வாங்க, தொட்டுப் பாருங்க' என்று அவர் யாரையும் அழைக்கவில்லை. நாய் பிரியர்கள் பலர் செய்யத் தவறுவது இதைத்தான்.

உப்பளமும் சவுக்குத் தோப்பும்

கடப்பாக்கம் தாண்டியதும் சாலையோரம் தர்பூசணிக் குவியல்கள் தொடங்கிவிட்டன. மரக்காணம் நெருங்க நெருங்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளம். சீசன் தொடங்கும் நேரம் என்பதால் வரப்புகளைச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து உள்ளே திரும்பி, சவுக்குத் தோப்பு வழியாக மண் சாலை. அதன் முடிவில் அண்ணன் வீடு. பின்னால் மல்லாட்டைக் கொல்லை.

இரண்டு வாரம் முன்பு அக்கா வந்து பார்த்தபோது, பின்பக்கம் பனைமட்டை வேலிதான் இருந்தது. "இதை ஒரே முட்டுல தள்ளிடுவா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது அங்கே ஐந்தடி உயரக் கம்பி வலை. கிணற்றுக்கு இரும்பு மூடி. வேப்பமர நிழலில் தண்ணீர்த் தொட்டி.

எல்லாம் சரி, முன் கேட் மட்டும் உதைத்தது. வெளியிலிருந்து ஒரு சிறுவன் கையை விட்டே தாழ்ப்பாளைத் திறந்துவிடலாம். "பூட்டு போடாம நான் போக மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார் அக்கா. அண்ணன் டி.வி.எஸ் வண்டியில் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்தார். "சங்கிலி கேட்டுக்குத்தான், நாய்க்கு இல்ல. ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் அக்கா.

அதற்குள் செய்தி பரவி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்துவிட்டார். கேட்டுக்குப் பத்தடி தள்ளி நின்றபடியே கேட்டார். "ஏன் தம்பி, எங்க ஆடு, புள்ளைங்க எல்லாம் இந்த வழியாதான் போவுது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"நான்தான் பொறுப்பு பெரியம்மா" என்றார் அண்ணன்.

பெரியம்மா சமாதானம் ஆகவில்லை. அக்காவைப் பார்த்தார். "கடிக்காதுல்ல?"

"கடிக்காதுன்னு சொல்ல மாட்டேன்மா. எந்த நாயையும் அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டு மாசத்துக்கு மேல என் வீட்ல இருந்துச்சு, யாரையும் கடிக்கல. பூனையைப் பாத்தா துரத்தும். குச்சி எடுத்தா பயப்படும். கேட்டுப் பூட்டியே இருக்கும், வெளிய வந்தா வாய்க்கட்டோடதான் வரும். இவ்ளோதான் நான் சொல்ல முடியும்."

பெரியம்மா பதில் சொல்லாமல் போய்விட்டார்.

அண்ணனின் மனைவி இதையெல்லாம் கிரில் கதவுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தெருநாயிடம் கடிபட்டவர். கணவருக்காகச் சம்மதித்தாரே தவிர, பயம் போகவில்லை. ஒப்பந்தத் தாளில் இருவருமே கையெழுத்துப் போடவேண்டும் என்றார் அக்கா. அதில் இருந்தது மூன்றே விஷயம்: குட்டி எடுக்க முயலக் கூடாது, வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் அக்காவுக்குத்தான் போன் செய்ய வேண்டும்.

அந்த அம்மா தாளை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவை வாங்கியபடி, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடும்?" என்று கேட்டார்.

அதுவரை இறுக்கமாக இருந்த அக்காவின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

தத்தெடுத்த நாய்க்குப் பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு நடைமுறை பழக மூன்று வாரம், 'இது நம்ம வீடு' என்று நம்ப மூன்று மாதம் ஆகும் என்பது மீட்புக்காரர்கள் சொல்லும் கணக்கு. நாய்க்கு நாய் மாறும்.

முதல் மூன்று நாள் மிளகு சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு வரிசையைத் தோண்டித் தள்ளியது. பால்காரரைப் பார்த்தால் இன்னமும் குரைக்கிறது. அதனால் அவர் பால் பாக்கெட்டை கேட்டில் மாட்டிய பையில் போட்டுவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, ஆடுகளை வேறு வழியாகத்தான் ஓட்டிப் போகிறார். அவருடைய பயம் அவருக்கு. அதை மதித்து, அவர் போகும் நேரத்தில் அண்ணன் மிளகை வெளியே கூட்டிவருவதில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு நாயை வளர்க்க ஆசை இருந்தால், முதலில் உங்கள் ஊர் உள்ளாட்சியின் விதியைக் கேளுங்கள். பிறகு வீட்டில் எல்லோரிடமும் கேளுங்கள். ராட்வைலரின் ஆயுள் ஒன்பது, பத்து வருடம். அத்தனை வருடமும் தினம் இரண்டு வேளை கூட்டிப்போக ஆள் உண்டா என்று யோசியுங்கள். ஏற்கெனவே வளர்க்கிறீர்கள், இனி முடியாது என்ற நிலை வந்துவிட்டால், கயிற்றை எடுக்காதீர்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கருத்தடை செய்து, நாயின் குணத்தை மறைக்காமல் எழுதி, தெரிந்தவர்களிடமும் காப்பகங்களிடமும் கேளுங்கள். நாள் ஆகும். மிளகுக்கு மூன்று மாதம் ஆனது.