மணம் போன எட்டு மாதங்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் 'சான்தீர்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. உணர்வது என்றும் பொருள், முகர்வது என்றும் பொருள். ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை எதற்கு என்று அந்த வயதில் தோன்றும். இதற்கு விடை எனக்கு எழுபது வயதில், மதுரையில், எங்கள் வீட்டு அடுப்படியில் கிடைத்தது.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. எங்கள் இருவருக்குமே காய்ச்சல். எனக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. என் மனைவிக்கும் காய்ச்சல் விட்டது, ஆனால் வாசனை போய்விட்டது. முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண் போனால் ஊரே பதறும், காது போனால் மிஷின் இருக்கிறது. மூக்குதானே!

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் கணக்கில் வரிசைப்படுத்துகிறார். புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும், ஓரறிவு. சுவை சேர்ந்தால் இரண்டு. மூக்கறிவு சேர்ந்தால் மூன்று. அதற்கு அவர் காட்டுவது கறையானும் எறும்பும். பிறகு கண், செவி. ஆறாவது மனம், அது மனிதருக்கு. மூன்றாவது போனால் ஆறாவதும் ஆட்டம் காணும் என்பதை அந்த எட்டு மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "ஏங்க, உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது, காரம் தெரியுது. சாம்பார்தான் தெரியல."

டாக்டர் விளக்கினார். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்துதான். பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் எல்லாம் மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. நாம் 'ருசி' என்பதில் பெரும்பகுதி மூக்கின் சம்பாத்தியம். பெயர் மட்டும் நாக்குக்கு.

அப்படியானால் காரம் எப்படித் தெரிந்தது? காரம் சுவையே அல்ல, ஒருவகை எரிச்சல். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் ஓர் உணர்வி நம் நரம்புகளில் இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசினும் அதே கதவைத் தட்டுகிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதைக் கண்டறிந்தார்கள். 2021 அக்டோபரில் அவருக்கும், தொடு உணர்வை ஆராய்ந்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் நோபல் பரிசு அறிவித்தார்கள். பேப்பரில் படித்து அவளிடம் சொன்னேன். "எனக்கு மிளகாய் தெரியுதுன்னு அவங்களுக்குப் பரிசா?" என்று சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது குறைவு.

மூக்கின் ஏற்பாடு இன்னும் விசித்திரம். மூக்கின் உச்சியில் சிறிய ஈரப்படலம் ஒன்று. அங்கே லட்சக்கணக்கான நரம்பணுக்கள். ஏறத்தாழ 400 வகை உணர்விகள். ஓர் அணுவில் பொதுவாக ஒரு வகைதான். எந்தெந்த வகைகள் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன என்ற சேர்க்கையை வைத்தே மூளை இது மல்லிகை, இது மண்ணெண்ணெய் என்று பிரித்துச் சொல்கிறது. இந்த உணர்விகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் கிடைத்தது. கொரோனா வைரஸ் பெரும்பாலும் இந்த அணுக்களுக்குத் துணை நிற்கும் செல்களைத்தான் தாக்குகிறதாம். கம்பி அறுபடவில்லை, கம்பம் சாய்ந்திருக்கிறது.

மூக்கிலிருந்து போகும் செய்தி, மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கும் பகுதிகளுக்கு வெகு அருகில் போய்ச் சேர்கிறது. என் மனைவியின் சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். விடியலில் மொட்டாகப் பறித்து, சாயங்காலம் தானாக விரியும் மல்லிகையோடு வளர்ந்தவள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி அவளுக்கு வெறும் பூ அல்ல. அவள் அம்மா, வீடு, எங்கள் கல்யாணம் எல்லாம் அதில் இருந்தது. வாசனை போன பிறகும் தினமும் ஒரு முழம் வாங்குவாள். தலையில் வைத்துக்கொண்டு, "வாசனை இருக்காங்க?" என்று என்னைக் கேட்பாள். நான் முகர்ந்து சொல்வேன். அவளுடைய மூக்காக நான் இருந்தேன்.

டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் என்ற மருத்துவர் 2009-இல் வெளியிட்ட முறை. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ்: காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள், அந்த வாசனையை நினைத்தபடி முகர வேண்டும். முகர்வு அணுக்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை என்பதால் இதற்குப் பலன் உண்டு. நாலு சின்ன டப்பாக்களை அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தோம்.

டிசம்பரில் ஒரு மாலை, பூவை மூக்கருகே கொண்டுபோனவள் சட்டென்று கீழே போட்டுவிட்டாள். "சாக்கடை மாதிரி நாறுது" என்று அழுதாள். எதுவும் தெரியாமல் இருந்தபோதுகூட அவள் அழவில்லை. டாக்டரோ இதை நல்ல அறிகுறி என்றார். மல்லிகை வாசனையில் இந்தோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. மலத்திலும் அது உண்டு. மற்றவற்றோடு கலந்தால் மணம், பிரிந்து நின்றால் துர்நாற்றம். உணர்விகள் அரைகுறையாகத் திரும்பும்போது மூளைக்குக் கிடைக்கும் படமும் அரைகுறைதான். நம் மொழியிலும் 'நாற்றம்' ஒரு காலத்தில் நல்ல மணத்தையும் குறித்த சொல்தானே என்று அவளைத் தேற்றினேன்.

2022 பொங்கலன்று, பால் பொங்கும் முன்பே ஏலக்காய் தெரிகிறது என்றாள். மல்லிகை திரும்ப மேலும் சில வாரங்கள் ஆயின. பெருங்காயம் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. சாம்பாரை இறக்கும் முன் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுக்கு மேல் முகர்வுத் திறன் மெல்லக் குறையும், நமக்கே தெரியாது. சமையல் வாயுவுக்குத் தனியாக வாசனை கிடையாது. கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். மூக்கு மந்தமானால் அந்தக் காவல் பயனற்றுப் போகும். சில சமயம் இது பார்க்கின்சன் நோயின் முன் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆகவே வாரம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு காபித்தூளையும் எலுமிச்சைத் தோலையும் முகர்ந்து பாருங்கள். தெரியவில்லையென்றால், "மூக்குதானே" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள்.