நீர்வழி நாகரிகம்

தரையில் ஒருவர் செய்யும் முறைகேடு பெரும்பாலும் அவருக்கு அருகில் நிற்பவரோடு முடிந்துவிடும். நீரின் இயல்பு வேறு. படகில் ஒருவர் துள்ளி எழுந்தால் அமர்ந்திருப்போர் அனைவரும் ஆடுகின்றனர். விசைப்படகு ஒன்று வெறிகொண்டு விரைந்தால், அது கண்ணுக்கு மறைந்த பின்னரும் அதன் அலை வந்து சிறு ஓடங்களை உலுக்குகிறது, கரையையும் அரிக்கிறது. நீரின்மேல் ‘என் பாடு, என் விருப்பம்’ என்று சொல்லிக்கொள்ள எவருக்கும் இடமில்லை.

இது நம் முன்னோர் நன்கு அறிந்திருந்த உண்மையாகும். காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, நாகூர், பரங்கிப்பேட்டை என நீளும் நம் கரையோர ஊர்களின் வாழ்வு கடலோடு பிணைந்தது. மரக்கலத்தையே பெயரில் சுமந்தவர்கள் மரைக்காயர்கள் என்பர். நாகுதாவின் சொல்லுக்குக் கலத்தில் மறுசொல் இல்லை. செல்வரானாலும் கூலியானாலும், அமரச் சொன்ன இடத்தில் அமர வேண்டும். அந்த அடக்கம் கலத்தைக் காத்தது. இன்று நம் குடும்பங்களுள் பெரும்பாலானவை நீரைச் சந்திப்பது பெருநாள் விடுமுறைகளில்தான். உதகை ஏரி, கோடைக்கானல் ஏரி, பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என்று செல்கிறோம். படகு நமக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒழுங்கு மட்டும் கரையிலேயே நின்றுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெருநாளுக்கு மறுநாள், மலைநாட்டு ஏரியொன்றில் துடுப்புப் படகில் சென்றுகொண்டிருந்தோம். வயது முதிர்ந்த தாயாரும் சிறு குழந்தைகளும் உடன் இருந்தனர். இளைஞர் சிலர் ஏறியிருந்த விசைப்படகு ஒன்று எங்களைச் சுற்றிச் சுற்றி வட்டமிடத் தொடங்கியது. குழந்தைகள் அலறியது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது போலும்! எங்கள் படகோட்டி ஒரு பெரியவர். அவர் கூச்சலிடவில்லை. ஒவ்வோர் அலை வரும்போதும் படகின் அணியத்தை அதற்கு நேராகத் திருப்பினார். அலையை விலாவில் வாங்கினால் படகு உருளும். முகம் கொடுத்து வாங்கினால் ஏறி இறங்கிவிடும் என்று தாயாருக்கு விளக்கிக்கொண்டே துடுப்பு வலித்தார்.

கரை சேர்ந்ததும் அவ்விளைஞர்களிடம் சென்று, “தம்பிமாரே, தண்ணிக்கு வேலி கிடையாது. நீங்க அங்கே தட்டினா இங்கே எங்க மேலேதான் வந்து விழும். உங்க வீட்டுப் பெரியவங்க இந்தப் படகிலே இருந்தா இப்படிச் சுத்துவீங்களா?” என்று மட்டும் கேட்டார். அவர்களுள் ஒருவர் தலை கவிழ்ந்து நின்றார். மற்றொருவர் முன்வந்து, எங்கள் தாயார் இறங்குவதற்காகப் படகைப் பற்றிக்கொண்டார். சீட்டுக் கொடுக்கும் அலுவலர் இவ்வளவையும் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வாய் திறக்கவேயில்லை. பொறுப்புடையவர் வாளாவிருக்க, பொறுப்பை ஒரு கூலியாள் சுமந்தார்!

கப்பல் உலகம் இந்தப் பொறுப்பைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான அனைத்துலக விதிகள் 1972ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. எதிரெதிரே வரும் இரு விசைக்கலங்கள் தத்தம் வலப்புறம் திரும்பி விலக வேண்டும். பொதுவாக, விசைக்கலம் பாய்க்கலத்துக்கும், மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கும் வழிவிட வேண்டும். வலிமையும் வேகமும் உள்ளவன் விலக வேண்டும் என்பதே இதன் கருத்து. எதிர்க்கலத்தின் நோக்கம் விளங்காவிடில் ஐந்து முறையேனும் விரைந்து சிறு ஊதல் ஒலி எழுப்ப வேண்டும். ‘நீ செய்வது எனக்கு ஐயமாக இருக்கிறது’ என்று கேட்பதைக் கடல் விதியே கடமையாக்கிவிட்டது!

இன்னொரு விதி நம் சிந்தனைக்கு உரியது. வழிவிட வேண்டிய கலம் விலகாமலே நெருங்கி, அது தனியே முயன்றாலும் மோதலைத் தவிர்க்க இயலாத நிலை வருமானால், வழியுரிமை பெற்ற கலமும் தன்னால் ஆனதைச் செய்தாக வேண்டும். ‘தவறு அவனுடையது, நான் ஏன் அசைய வேண்டும்?’ என்னும் வாதம் அங்கே செல்லாது.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நாம் அனைவரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்க, புகாரியில் இடம்பெற்ற நபிமொழி அது. சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகின்றனர். தண்ணீருக்காக மேலே சென்று வரும் கீழ்த்தளத்தார், மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேலுள்ளோர் விட்டுவிட்டால் எல்லாரும் அழிவர். கைகளைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர்.

இதில் இரண்டு செய்திகள் நம் மனத்தில் தைக்கின்றன. துளையிட முனைந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அறியாமையால் நன்மையென்று நினைத்தவர்கள். அவர்களைக் கடலில் தள்ளுமாறும் சொல்லப்படவில்லை; கையைப் பிடிப்பதே போதுமென்று சொல்லப்பட்டது. தடுப்பது கடமை, தடுக்கும் முறையில் கனிவு வேண்டும்.

இவ்வுவமை வெறும் உவமையாக நின்றுவிடவில்லை. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. 2023ஆம் ஆண்டு மே 7 அன்று, மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், மாலை மயங்கிய வேளையில் ஒரு படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. மாண்டவர்களுள் பலர் சிறுவர்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலரும் இருந்தனர். அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், இருட்டும் நேரத்துப் பயணம், சுற்றுலாவுக்கென மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு எனச் செய்திகள் வந்தன. விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குப் படகு காட்டச் சென்ற நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம் அவை. எண்ணும்போதே நெஞ்சு நடுங்குகிறது.

மிகைப்பாரம் என்னும் கொடுமையை எதிர்த்து நாவால் போராடி வென்றவர் ஒருவர் வரலாற்றில் உண்டு. இங்கிலாந்தில், காப்பீட்டுப் பணம் இருக்கும் துணிவில், பழுதுபட்ட கப்பல்களில் பாரத்தை ஏற்றி மாலுமிகளை அனுப்பிய முதலாளிகள் இருந்தனர். நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் விடாது முழங்கினார். பலருடைய பகைக்கும் ஆளானார். 1876இல் கப்பலின் பக்கத்தில் பார எல்லைக்கோடு வரைவது சட்டமாயிற்று. இன்றும் கப்பல்களில் காணும் அவ்வட்டமும் கோடும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. அந்தக் கோடு நீரில் மறையுமளவு பாரம் ஏற்றலாகாது.

தீமையைக் கண்டால் கையால், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் வெறுத்துத் தடுக்க வேண்டும் என்பது நபிவழி. நீர்த்துறையில் கை அதிகாரிகளுக்கு உரியது. உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கென, 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக 2021இல் புதிய சட்டமே வந்திருக்கிறது; பதிவும் ஆய்வும் அதில் வற்புறுத்தப்படுகின்றன. பயணிகளாகிய நமக்கு உரியது நா. அந்த நாவைக் கடுஞ்சொல்லுக்கோ கைகலப்புக்கோ பயன்படுத்துவோமானால், தீமையை அகற்றப் போய் இன்னொரு தீமையை ஏற்றிவிடுவோம். படகினுள் சண்டையிடுவதும் துளையிடுவதற்கு ஒப்பானதே.

ஆகவே, நம் குடும்பத்தாருக்குச் சில சொல்லிக்கொள்வோம். படகில் ஏறுமுன் எத்தனை பேருக்கு இடமென்று கேட்போம். மிகுதியாக ஏற்றினால் கட்டணம் போனாலும் இறங்கிவிடுவோம். பெண்கள் புர்காவின்மேல் உயிர்காப்பு அங்கியை அணியக் கூச்சப்பட வேண்டியதில்லை; உயிரைக் காப்பது மார்க்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. படம் எடுப்பதற்காக எழுந்து நில்லாதிருப்போம். படகோட்டியை ‘இன்னும் வேகம்’ என்று தூண்டாதிருப்போம். தின்பண்டப் பைகளை நீரில் வீசாதிருப்போம். அலையாத்திக் காட்டின் அமைதியைப் பாட்டுப் பெட்டியால் குலைக்காதிருப்போம். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளையென்றால், நீரும் மக்கள் செல்லும் வழிதானே?

படகில் ஏறும்போது, நூஹ் நபி (அலை) அவர்களைப் பின்பற்றி, இறைவன் பெயரை மொழிகிறோம். அந்தத் திருநாமத்தை மொழிந்த நாவு, அருகில் நடக்கும் அடாத செயலைக் கண்டு மௌனம் சாதிக்கலாகாது. இதமாகச் சொல்லும் துணிவையும், பிறர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் பணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.