எங்கள் தோட்டத்திற்கு ஒரு தெளிப்பான்

பூச்சி மருந்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அதைத் தெளிக்கும் கருவியைப் பற்றி நினைப்போர் சிலரே. மாதா கெபியைச் சுற்றியுள்ள ரோஜாச் செடிகளில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாய் அப்பியபோது, தோட்டக் குழுவினராகிய நாங்கள் எந்த மருந்து நல்லது என்று தோட்டக்காரத் தாத்தாவிடம் கேட்டோம். "மருந்து கெடக்கட்டும் பாப்பா, மொதல்ல டேங்க்க மாத்துங்க" என்றார் அவர்.

பழைய டேங்க்கின் மூடியிலிருந்த வாஷர் தேய்ந்திருந்தது. அவர் குனியும்போதெல்லாம் மருந்து நீர் வழிந்து முதுகை நனைத்துவிடும். நஞ்சு வாய் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் என்பதை நாங்கள் அறிவோம். அந்த நனைந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே ரோஜாப்பூவைப் பறித்து மாதாவுக்குச் சூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. பள்ளி விழாவில் சுண்டல் விற்றுச் சேர்த்த பணத்தில் புதியது வாங்கிக்கொள்ள சிஸ்டர் அனுமதி தந்தார்கள்.

கடைக்காரர் முதலில் காட்டியது 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான். பார்க்க அழகுதான். ஆனால் நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ; பேட்டரியின் எடை வேறு. வயற்காட்டுக்கு அது சரி. தாத்தாவின் முதுகுக்கு? எங்களிடம் இருப்பவை 24 ரோஜாச் செடிகள். செடிக்குக் கால் லிட்டர் என்றாலும் மொத்தம் 6 லிட்டர்தானே! தோளில் மாட்டும் 5 லிட்டர் கைத்தெளிப்பானே போதும் என்று அங்கேயே கணக்குப் போட்டோம். இந்த வகையில் காற்றை அடித்து அழுத்தம் ஏற்றுவதால் முழுவதும் நிரப்பக் கூடாது. காற்றுக்கு இடம் விட வேண்டும். முக்கால் அளவு என இரண்டு முறை நிரப்பினால் வேலை முடிந்துவிடும்.

அடுத்து நாங்கள் பார்த்தது நாசில். உயிர் அதில்தான் இருக்கிறது. துளி பெரிதாக விழுந்தால் இலையில் நில்லாமல் உருண்டு மண்ணில் விழும். மிக நுண்ணிய புகையாகப் போனால் காற்றில் மிதந்து பாலர் வகுப்புத் தாழ்வாரம் வரை செல்லும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பானை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்ததால் வீடுகளும் கிணறுகளும் பட்ட பாட்டை யார் மறப்பார்? அம்மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. நாங்கள் தெளிப்பது வேப்பெண்ணெய்தான் என்றாலும் குழந்தைகள் கைவைக்கும் இடமல்லவா? திருகித் துளியின் அளவை மாற்றக்கூடிய, நுனி சற்று வளைந்த நாசிலையே கேட்டு வாங்கினோம். மாவுப்பூச்சி ஒளிந்திருப்பது இலையின் அடியிலும் கணுவிலும். மேலிருந்து அடித்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

நாசில் பித்தளையில் இருந்தால் மரை சீக்கிரம் போகாது என்பது தாத்தாவின் கருத்து. டேங்க் மட்டும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும் என்றோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையை இரும்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. தாமிரம் இரும்பின்மேல் படிந்து, பாத்திரமும் அரிக்கும், மருந்தும் கெடும். (பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்காக 1885இல் மில்லார்டே என்ற அறிஞர் வெளியிட்ட கலவை இது. இன்றும் பயன்படுகிறது!)

பணம் கொடுக்குமுன் கடை வாசலிலேயே தண்ணீர் ஊற்றி, காற்றடித்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன? முதலில் எடுத்த டேங்க்கில் மூடியோரம் சொட்டியது; இரண்டாவது சொட்டவில்லை. அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உள்ளே வடிகட்டியும் இருக்கின்றனவா என்று பார்த்து, உதிரி வாஷர் நான்கும் வாங்கினோம்.

இப்போது சனிக்கிழமை மாலைகளில், பாலர் வகுப்பினர் இல்லாத நேரத்தில், லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து தாத்தா தெளிக்கிறார். சோப்பு இல்லையென்றால் எண்ணெய் தண்ணீரோடு சேராது. பிறகு நாங்கள் மூன்று முறை கழுவி வைக்கிறோம். நாசில் அடைத்தால் ஊசியால் குத்துவதோ வாயால் ஊதுவதோ கூடாது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். களைக்கொல்லியை இதில் ஊற்றவே கூடாதென்று டேங்க்கின் மேல் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். அதன் மிச்சம் சிறிது இருந்தாலும் ரோஜா கருகிவிடும். பழைய டேங்க்கில் யாரும் தண்ணீர் பிடித்துவிடாதபடி சிஸ்டர் அதன் அடியில் துளை போடச் சொல்லிவிட்டார்கள்.

மாவுப்பூச்சி முக்கால்வாசி ஒழிந்தது. கிணற்றடி மாமரத்துக்குத்தான் இந்தத் தெளிப்பான் எட்டவில்லை. அதற்கு என்ன வழி என்பதை ஒன்பதாம் வகுப்புத் தோழியர் பார்த்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பொதுத் தேர்வு வருகிறது.