அதே ஜனவரி 26, அங்கே வேறு கதை

ஜனவரி 26 என்றால் நமக்குக் கொடி, மிட்டாய், டிவியில் டெல்லி அணிவகுப்பு, ஒரு நாள் லீவு. ஆஸ்திரேலியாவுக்கும் அதுதான் தேசிய தினம். ஆனால் ஜனவரி பிறந்தாலே அங்கே சண்டையும் பிறந்துவிடும். தேதியை மாற்று என்று ஒரு கூட்டம், தொடாதே என்று ஒரு கூட்டம்.

அப்படி என்ன ஆகாத தேதி? 1788-ல் ஆர்தர் பிலிப் 11 கப்பல்களோடு வந்து, இன்றைய சிட்னியில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றிய நாள் அது. கப்பலில் பாதிக்கு மேல் கைதிகள். 50,000 வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அன்றிலிருந்து நிலம் போனது, அடுத்த வருஷமே பெரியம்மை வந்தது, பின்னாளில் பெற்ற பிள்ளைகளையே அரசாங்கம் பிரித்துக்கொண்டு போனது. அந்த நாளில் வாணவேடிக்கை பார்க்க வா என்றால் எப்படி இருக்கும்?

இது ஏதோ இணைய யுகத்துப் பிள்ளைகள் கிளப்பியது என்று நினைக்காதீர்கள். 1938-ல் 150-வது வருஷ விழா. வந்திறங்கிய காட்சியை நாடகமாகப் போட்டார்கள். சிட்னிப் பூர்வகுடி அமைப்புகள் வர மறுத்துவிட்டன. அதனால் தூரத்து மெனிண்டியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, போலீஸ் குதிரை லாயத்தில் தங்கவைத்து, வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பயந்து ஓடுகிற வேஷம் கொடுத்தார்கள்! அதே நாளில் அதே ஊரில் ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்கசன், வில்லியம் கூப்பர் போன்றவர்கள் ஒரு மண்டபத்தில் 'துக்க நாள்' கூட்டம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டது தேதி மாற்றமே இல்லை. முழுக் குடியுரிமை.

"பாரம்பரியத்தில் கை வைக்கலாமா?" என்பவர்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. எந்தப் பாரம்பரியம்? முதல் உலகப் போருக்கு நிதி திரட்ட 1915-ல் 'ஆஸ்திரேலியா தினம்' என்று நடத்தியது ஜூலை 30-ல். பிறகு ஜனவரி 26-க்கு அந்தப் பெயர் வந்தபோதும், வாரக்கடைசியோடு சேர்த்து மூன்று நாள் லீவு கிடைக்கட்டும் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எல்லா மாநிலமும் 26 அன்றே விடுமுறை விட ஆரம்பித்தது 1994-ல்தான். லீவுக்காக நகரலாம், துக்கத்துக்காக நகரக்கூடாதாம்.

மாற்றம் டெல்லி மாதிரி தலைநகரத்திலிருந்து வரவில்லை, உள்ளூர் கவுன்சில்களிலிருந்து வந்தது. ஃப்ரீமேன்டில் நகரம் 2017-ல் கொண்டாட்டத்தை ஜனவரி 28-க்கு மாற்றியது. அதே வருஷம் மெல்பர்னின் யாரா கவுன்சில் அன்றைக்குக் குடியுரிமை விழா நடத்த மாட்டோம் என்றது. உடனே மத்திய அரசு, நீ இனிமேல் அந்த விழாவையே நடத்த வேண்டாம் என்று உரிமையைப் பிடுங்கிக்கொண்டது. ட்ரிபிள் ஜே வானொலி நேயர்களிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களில் 60 சதவீதம் மாற்றச் சொன்னார்கள். 2018 முதல் அதன் புகழ்பெற்ற 100 பாட்டு வரிசை வேறு நாளில் வருகிறது. கடைசியில் 2022 டிசம்பரில் அரசே இறங்கிவந்து, மூன்று நாள் முன்னே பின்னே விழாவை வைத்துக்கொள்ளலாம் என்றது.

அந்த விழாவில் வரிசையில் நின்று உறுதிமொழி எடுப்பவர்களில் நம்மவர்களும் நிறைய. பத்து வருஷம் விசாவுக்கு அலைந்தவருக்கு அது சந்தோஷமான நாள்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் 24-ம் தேதி வந்தால் குறைந்துவிடுமா என்ன?

தேதியில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்க முடியாது. நம் அரசியலமைப்பை 1949 நவம்பர் 26 அன்றே ஏற்றாயிற்று. 1930 ஜனவரி 26-ன் பூரண சுயராஜ்ய நினைவுக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்து முழுதாக அமலுக்குக் கொண்டுவந்தோம்.

பூர்வகுடிகளிலேயே சிலர், "தேதியை மாற்றினால் அதே கூத்து வேறு நாளில், அவ்வளவுதான். கொண்டாட்டத்தையே நிறுத்து" என்கிறார்கள். 2023-ல் பூர்வகுடிகளுக்கு ஒரு ஆலோசனைக் குழு அமைக்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்று குத்தியதைப் பார்த்தால், அவர்கள் சந்தேகம் நியாயம்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் நான் மாற்றச் சொல்கிற கட்சி. மாற்று நாள்? மே 8 என்று ஒரு யோசனை உண்டு. 'மே எய்ட்' என்று வேகமாகச் சொன்னால் அவர்கள் வாயில் எப்போதும் வருகிற 'மேட்' ஆகிவிடுகிறதாம் :-)