கோம்பை நாயை 150 கேபிக்குள் அடைப்பது எப்படி?

2005 ஜனவரியில் தபால்துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டது. ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, கோம்பைக்குக் கிடைக்கவில்லை. சரி, போகட்டும். இணையத்தில் இடம் பிடிக்க யார் சிபாரிசும் வேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கிலோபைட்.

உத்தமபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற கோம்பையில் ஒருவர் நாய்க்குட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செம்பழுப்பு உடம்பும் கருமூஞ்சியுமாக ஒரு நாய் மலைப் பின்னணியில் ஓட வேண்டும், கீழே 'குட்டிகள் விற்பனைக்கு' என்று எழுத்து. அளவு 300க்கு 250 பிக்சல், மூன்று வினாடி ஜிஃப். கூகுள் விளம்பரமாகப் போட வேண்டுமென்றால் கோப்பு 150 கேபியைத் தாண்டக்கூடாது. வினாடிக்கு 5 பிரேமுக்குக் குறைவாக ஓட வேண்டும், 30 வினாடிக்குள் நின்றுவிட வேண்டும்.

கணக்குப் போடுவோம். ஒரு பிரேமில் 75,000 பிக்சல், பிக்சலுக்கு ஒரு பைட். வினாடிக்கு 4 வீதம் 12 பிரேம் என்றால் 9 லட்சம் பைட். அதை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்தான். முதல் பிரேம் நிலையான செலவு. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு பிரேமும் மாறும் செலவு. ஜிஃப்பில் அடுத்த பிரேமுக்கு முழுப்படமும் தேவையில்லை, மாறிய பகுதியை மட்டும் ஒரு சின்னப் பெட்டியாக வைத்தால் போதும். மலை அசையாமல் நின்று நாய் மட்டும் ஓடினால் செலவு குறைவு. கேமராவும் நாயோடு சேர்ந்து ஓடினால் மலையே நகர்கிறது, ஒவ்வொரு பிரேமிலும் முழுப்படத்துக்கும் காசு கொடுக்க வேண்டியதுதான். ஆகவே கேமராவைக் கட்டிப்போடுங்கள், நாயை விட்டுவிடுங்கள் :-)

அடுத்தது நிறம். 1987ல் கம்ப்யூசர்வ் கொண்டுவந்த ஜிஃப், ஒரு பிரேமில் 256 நிறம் வரை வைத்துக்கொள்ளும். நாய்க்கு அவ்வளவு எதற்கு? 32 நிறத்திலேயே அது அழகாக இருக்கும். மக்கர் பண்ணுவது பின்னால் இருக்கிற மலைதான். பனிமூட்டம் நீலத்திலிருந்து வெள்ளைக்கு மெல்ல மெல்லக் கரைகிறது, நிறத்தைக் குறைத்தால் அது படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். அதை மறைக்க மென்பொருள் புள்ளிகளைத் தூவும், 'டிதரிங்' என்பார்கள். கண்ணுக்கு நல்லது, கோப்புக்குக் கெடுதல். ஜிஃப்பின் சுருக்குமுறை, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிற பிக்சல் வரிசைகளைப் பார்த்துத்தான் சுருக்குகிறது. தூவிய புள்ளிகள் அந்த வரிசையைக் கலைத்துவிடுகின்றன. பனிமூட்டத்தை எடுத்துவிட்டு மலையைத் தட்டையான மூன்று பச்சையில் வரைந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

வினாடிக்கு நாலே பிரேம் என்றால் ஓட்டம் வெட்டி வெட்டித் தெரியாதா? தெரியும். அதனால் எந்தப் பிரேமை வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். 1878ல் மைபிரிட்ஜ் எடுத்த குதிரைப் படங்கள், நாலு காலும் தரையை விட்டு எழும்புகிற ஒரு கணம் உண்டு என்று காட்டின. நாய்க்கும் அப்படித்தான். கால்கள் வயிற்றுக்குக் கீழே சுருண்ட நிலை, முழுக்க நீண்ட நிலை, இந்த இரண்டும் இருந்தால் நடுவில் விட்டதைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

இங்கிலீஷ் பாடங்களில் சொல்லாத விஷயம் ஒன்று பாக்கி: புள்ளி. ஏற்றுமதி செய்யும்போது படத்தைச் சிறிதாக்கினாலோ நிறத்தைக் கண்டபடி வெட்டினாலோ, தமிழ் எழுத்தின் மேல் இருக்கிற ஒன்றிரண்டு பிக்சல் புள்ளிதான் முதலில் காணாமல் போகும். 'குட்டிகள் விற்பனைக்கு' என்பது 'குடடிகள விறபனைககு' ஆகிவிடும். நாய் எவ்வளவு ஜோராக ஓடி என்ன பிரயோஜனம்? ஆங்கில 'ஐ'யின் தலைப்புள்ளி போனாலும் வாசித்துவிடலாம், தமிழில் எழுத்தே வேறாகிவிடுகிறது. எனவே எழுத்தைத் தனி அடுக்கில், கடைசி அளவிலேயே, கனமான எழுத்துருவில் வைக்க வேண்டும். அசையாமல் இருக்கட்டும். அசையாத எழுத்துக்கு முதல் பிரேமில் மட்டும்தான் செலவு.

விளம்பரம் இல்லை, சொந்தப் பக்கத்தில் போடத்தான் என்றால் ஜிஃப்பே வேண்டாம், எம்பி4 போதும். வீடியோ முறை, நகர்ந்த துண்டை 'இங்கிருந்து அங்கே போனது' என்று குறித்துக்கொள்ளும். ஜிஃப்புக்கு அந்த வித்தை தெரியாது. ட்விட்டர் 2014லேயே ஜிஃப்பை வாங்கி எம்பி4 ஆக மாற்றித்தான் காட்டியது.

எல்லாம் செய்தும் 160 கேபியில் நிற்கிறதா? மலையில் ஒரு பச்சையைக் குறையுங்கள், இல்லை ஒரு பிரேமை எடுங்கள். பிறகு கணினியில் பெரிதாக்கிப் பார்க்காமல் போனில், அசல் அளவில், 'ட்'டுக்குப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.