பபூனின் பகற்பொழுது

தமிழில் ‘பபூன்’ என்று எழுதினால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் நாடக மேடையின் கோமாளி. ஆங்கிலத்தில் கோமாளிக்கு ஒரு சொல், ஆப்பிரிக்கக் குரங்குக்கு இன்னொரு சொல். நம் எழுத்தில் இரண்டும் ஒரே உருவம் பெற்றுவிட்டன. மொழியியல் மாணவனாக அந்தச் சொல்லின் பின்னால் போன நான் அக்குரங்கைப் பற்றிய ஆய்வுகளுக்குள் நுழைந்தேன். அவை என் முனைவர் பட்ட ஆய்வின் முறையையே மாற்றிவிட்டன.

1960-களில் பபூன்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரிய ஆண்களே நடுநாயகமாக விளங்கின. சண்டை, ஆதிக்கம், கூட்டத்தைக் காத்தல் என்று படிக்கச் சுவையான காட்சிகள். கென்யாவின் அம்போசெலி சமவெளியில் மஞ்சள் பபூன்களை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார்: கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துக்கொண்டால், கண்ணைக் கவர்வது மட்டும்தானே குறிப்பேட்டில் மிஞ்சும்? அவர் வலியுறுத்திய வழி இது: முன்கூட்டியே ஒரு விலங்கைத் தேர்ந்து, வரையறுத்த நேரம் முழுவதும் அதை மட்டுமே கவனிக்க வேண்டும். அது சும்மா இருந்தால் அதையும் எழுத வேண்டும்.

அவ்வாறு கவனிக்கையில் தெரியும் பகற்பொழுது வேறு. பபூன் சில வேளைகளில் முயலையும் மான்குட்டியையும் பிடித்துத் தின்னும். பார்த்தவர் எவரும் அதை மறப்பதில்லை. ஆயினும் அதன் உணவில் இறைச்சி மிகச் சிறு பங்கே. கோடையில் புல்லின் அடித்தண்டைத் தோண்டி, மண்ணைத் துடைத்து, மென்று தின்பதிலேயே நாழிகைகள் கழியும். வேல மரங்களின் பூ, விதை, பிசின், இடையிடையே பூச்சிகள் என்று நாள் நகரும். குட்டியைச் சுமந்தபடி இரைதேடும் தாய்க்கு ஓய்வு மிகக் குறைவு. ஆண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடுகின்றன. பெண்கள் அங்கேயே தங்கி, தாயின் படிநிலையை மகள் பெறுகிறாள். கூட்டத்தின் தொடர்ச்சி, ஆரவாரமின்றிப் புல் தோண்டும் அந்தப் பெண்களிடம் இருக்கிறது.

ஐதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்வது என் ஆய்வு. கருவியை இயக்கியதும் பேசத் தொடங்குபவர் பெரும்பாலும் வீட்டின் மூத்த ஆண். பேத்தியிடம் தமிழும் காய்கறிக்காரரிடம் தெலுங்கும் பேசும் பாட்டியோ, “நான் என்ன பெருசா பேசிடப் போறேன் தம்பி, அவரையே கேளுங்க” என்று சமையலறைக்குப் போய்விடுகிறார். அடுத்த தலைமுறைக்குத் தமிழ் போய்ச் சேர்கிறதா என்பதே என் ஆய்வுக் கேள்வி. அதற்கான விடை, “சாப்பிட்டியா?”, “அதை எடுத்து வை” என்று அவர் பேத்தியிடம் சொல்லும் சிறு வாக்கியங்களிலும், அவற்றுக்குப் பேத்தி எந்த மொழியில் மறுமொழி தருகிறாள் என்பதிலும் இருக்கிறது.

ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் சம நேரம் ஒதுக்கி, அவர்கள் மௌனமாக இருக்கும் நிமிடங்களையும் பதிவுசெய்யத் திட்டமிட்டிருக்கிறேன். உதவித்தொகைக்காலம் அடுத்த ஆண்டு முடிகிறது. ஒரு மணி நேரப் பதிவில் பத்து வாக்கியங்களே கிடைக்கும் நாட்கள் வரும். நெறியாளரின் கவலை நியாயமானது. எனினும் பேச விரும்புபவரின் பேச்சை மட்டும் திரட்டிவிட்டு, அதற்கு ‘குடும்பத்தின் மொழி’ என்று தலைப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

களப்பணியில் இருக்கும் நண்பர்களே, குறைவாகப் பேசுபவர்களுக்கு உங்கள் தரவில் எவ்வாறு இடமளிக்கிறீர்கள்? உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.